பார்லோவின் வயது

எங்கள் பள்ளிக்கூட மலரில் ‘இலங்கையில் ஒன்பது நாள்’ என்று நான் எழுதிய கட்டுரை வந்திருக்கிறது. நான்கு பக்கம். புத்தரின் பல், போதி மரம், பேராதனைத் தோட்டம், யானைக் குளியல் எல்லாம் அதில் உண்டு. ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு, “நடை கொள்ளாம், எட்வர்டு” என்று மெச்சினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளைப் பற்றி மட்டும், ‘அன்று மலைநாட்டைக் கண்டு திரும்பினேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குள் அன்று நடந்ததையெல்லாம் ஒளித்துவிட்டேன். அதையும் எழுதித் தொலைத்தால் சோறு இறங்குமா என்று பார்க்கிறேன்.

நான் நாகர்கோயிலில் கணக்கு வாத்தியார். எனக்குச் சரித்திரமும் தெரியாது, சிற்பமும் தெரியாது. எங்கள் ஹெட்மாஸ்டர் ஓணம் விடுமுறையில் பத்து வாத்தியார்களைத் திரட்டிக்கொண்டு, ‘பௌத்த தேசத்தின் பண்பாட்டைக் காட்டி வருகிறேன்’ என்று கிளம்பியபோது நானும் பெயர் கொடுத்தேன். எல்லாருக்கும் ஆச்சரியம். பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையையே எட்டிப் பார்க்காதவன் கடல் தாண்டிப் புத்தரைப் பார்க்கப் போகிறானாம்.

நான் புத்தரைப் பார்க்கப் போகவில்லை. ஒரு கல்லறையைப் பார்க்கப் போனேன்.

என் தங்கை நேசத்தின் புருஷன் பெயர் ஜோசப் பார்லோ. ஆள் நம்மூர்க் கறுப்புதான், பெயர் மட்டும் துரையுடையது. மிஷன் போர்டிங்கில் வளரும் ஏழைப் பிள்ளைகளுக்கு, சீமையிலிருந்து அவர்கள் சாப்பாட்டுக்கு உபகாரம் அனுப்புகிறவரின் பெயரையே ஞானஸ்நானத்தில் வைத்துவிடுவார்கள். அப்படித்தான் அவன் பார்லோ. அதே போர்டிங்கில் வளர்ந்த நானும் அப்படித்தான் எட்வர்டு. கலியாணமாகி இரண்டு வருஷத்தில், தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருக்கிறது என்று சிலோனுக்குப் போனான். ஒரு வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோயிற்று. நான்காம் வருஷம் போர்டிங்குக்கு ஒரு கார்டு வந்தது. ‘உங்கள் போர்டிங்கில் படித்த ஜோசப் பார்லோ காய்ச்சலில் மரித்தார், எங்கள் தோட்டத்துச் சபையில் அடக்கம்பண்ணினோம்’ என்று இரண்டே வரி. போர்டிங் குமாஸ்தா அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். நேசம் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சேலை உடுத்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

அது நடந்து இன்னொரு நான்கு வருஷமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தங்கையா மனைவியை இழந்தவர், இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். அவர் ஆள் விட்டுக் கேட்டார். நேசம் ஒரு வாரம் கழித்து, “அந்தப் பிள்ளையளுக்குத் தலை வாரி விடேதுக்குக்கூட ஆளில்ல, அண்ணே” என்றாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் எல்லார் முன்னாலும் வாசிப்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அப்போது சபை மூப்பர் ஒருவர் எழுந்து, ஒரு கார்டை நம்பியா கலியாணம், நாளைக்குப் பார்லோ வந்து நின்றால் சபைக்கல்லவா அவமானம் என்று கிளப்பிவிட்டார். அந்தக் கார்டும் கறையான் தின்று பாதிதான் இருந்தது. தோட்டத்துச் சபையின் அடக்கப் புத்தகத்திலிருந்து கையெழுத்துப் போட்ட நகல் வந்தால்தான் மூன்றாவது ஓலை என்று போதகர் சொல்லிவிட்டார். அங்கே இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஹெட்மாஸ்டரின் சுற்றுலா வந்தது.

புறப்படும்போது நேசம் வாசலில் நின்று, “கல்லறையில ஒரு பூவாவது வச்சிட்டு வா, அண்ணே. ரெண்டு வருசம்னாலும் என்னை நல்லாத்தான் வச்சிருந்தாரு” என்றாள்.

முதல் நாள் கொழும்புத் துறையில் இறங்கியதுமே மரியாதை தொடங்கிவிட்டது. காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைநாட்டு வைக்கும் கூலிகளின் வரிசையைக் காட்டினான். ஹெட்மாஸ்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இங்கிலீஷில் அரை மணி நேரம் பேசினார். எங்களுக்கென்று அமர்த்தியிருந்த வழிகாட்டி பெரேரா வந்து சேர்ந்தபிறகுதான் விட்டார்கள். அந்தக் காக்கிச் சட்டை அவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுச் சிரித்தான். என்ன கேட்டான் என்றேன். “இந்தத் தமிழர்கள் தோட்டத்துக்கு வந்தவர்களா, வேடிக்கை பார்க்க வந்தவர்களா என்று கேட்கிறான்” என்றார் பெரேரா. இரண்டும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பெரேரா நல்ல மனிதர். கையில் குடை, வாயில் இங்கிலீஷ். ஹெட்மாஸ்டரிடம் விசில் இருந்தது. இவர் குடையைத் தூக்கினால் நடக்க வேண்டும், அவர் விசில் ஊதினால் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

கூட வந்தவர்களில் எனக்குப் பேச்சுத்துணை பூதப்பாண்டி சிவதாணு பிள்ளை ஸார். தமிழ் வாத்தியார், சுத்த சைவம், கையில் ஒரு பீங்கான் பரணி நிறைய நார்த்தங்காய் ஊறுகாய். மத்தியானச் சாப்பாட்டில் சோறு நம்மூர்ச் சம்பா போலவே சிவப்பாக இருந்தது. தேங்காய்ப்பால் கறி, கீரை வறை, சம்பல் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினார். “ஸாரே, இந்தக் கீரையில என்னமோ கெடக்கு. மோந்து பாரும்” என்றார். மாசிக் கருவாட்டுத் தூள்.

“இது மரக்கறிதான், மீன் இல்லை. மாசி ருசிக்காகப் போட்டது” என்றார் பெரேரா.

“இவனுவ ஒரு இலையைக்கூடச் சும்மா வதக்க மாட்டானுவ போலிருக்கு. சவத்தை விடும்” என்று பிள்ளை இலையை மூடிவிட்டு, வேறு இலையில் நார்த்தங்காயும் வெறுஞ்சோறும் தின்றார். ஒன்பது நாளும் அதுதான் அவருக்கு ஆகாரம். எனக்கு மாசி பிடித்திருந்தது. அன்றைக்கு எனக்கு இன்னும் பசித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் கண்டிக்குப் பஸ். கடுகண்ணாவ மலை ஏற்றத்தில் வண்டி கொதித்துப் புகைவிட்டு நின்றுவிட்டது. ஹெட்மாஸ்டர் விசில் ஊதினார், வண்டி நகரவில்லை. பத்து வாத்தியார்களும் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம். எதிரே வந்த வண்டிக்காரன் எங்கள் டிரைவரிடம், இன்றைக்கு நல்ல மாடுகள் கிடைத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனானாம். பெரேரா மறைக்காமல் மொழிபெயர்த்தார். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன்.

சாயங்காலம் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகை. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினோம். வேறெதுவும் கேட்கவில்லை. நீ எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மதம், ஒரு கேள்வி கிடையாது. வெள்ளைத் துணி உடுத்த கிழவி ஒருத்தி தன் தட்டிலிருந்து நாலு பூவை என் கையில் வைத்து, உள்ளே போ என்று கைகாட்டினாள். நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் கோயிலை விடுங்கள், கோயிலைச் சுற்றியிருக்கிற தெருவில் என் அப்பாவை நடக்க விட்டதில்லை. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தபிறகும் அந்தத் தெருமுனை வந்தால் அவருடைய கால் தானாக ஒதுங்கும். பிள்ளைக்கும் அது தெரியும், அவர் என் கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “போவும் ஸாரே, நானும் வாறேன்” என்றார். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனோம். என் ஆயுசில் அப்படியொரு காரியம் நடந்ததில்லை. ஆனாலும் மனசு அங்கே நிற்கவில்லை, மறுநாள் போகவேண்டிய இடத்திலேயே இருந்தது. அந்தப் பூவை வைக்கத் தோன்றாமல் கையிலேயே கொண்டு வந்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டரிடம் விஷயத்தை முன்பே சொல்லியிருந்தேன். “ஒரு நாள்தான், எட்வர்டு. நாங்கள் பேராதனைத் தோட்டம் பார்ப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் விசில் ஊதும்போது நீ வரிசையில் இருக்க வேண்டும்” என்றார்.

மூன்றாம் நாள் அதிகாலை ரயில். ஹட்டனில் இறங்கி, மழைத்தூறலில் நாலு மைல் ஏற்றம். எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை, கத்தரித்துவிட்ட பச்சை. தண்ணீர் நிற்கும் நாற்றங்காலின் பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பிடிபடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். அத்தனையும் தமிழ் முகம். ஒருத்தியிடம் வழி கேட்டேன். வழியைச் சொல்லிவிட்டு, “ஊர்லருந்தா வாறீங்க?” என்று கேட்டாள். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. காலெல்லாம் அட்டை ஏறி ரத்தம் வழிந்தது.

சபை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, பக்கத்தில் சபையை நடத்தும் உபதேசியாரின் வீடு. உபதேசியார் திருநெல்வேலிக்காரர், வயதானவர். நான் அனுப்பிய இரண்டு கடிதமும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டன போலும், அவருக்குக் கிடைக்கவே இல்லை. பார்லோவின் மைத்துனன் என்றதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி சுடச்சுடத் தேயிலைத் தண்ணீரும் உப்பும் கொண்டுவந்தார். உப்பு அட்டைக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருஷம் கழித்தாவது ஒருவன் வந்தானே என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மண்மேடு, மரச்சிலுவை, கரியால் எழுதிய பெயரில் பாதி அழிந்திருந்தது. முந்தின நாள் பூ வாடிச் சட்டைப்பையில் கிடந்தது, அதை வைத்தேன். ஜெபம் பண்ணினோம். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“ரெம்ப நல்ல மனுசன், அண்ணாச்சி. கணக்கு எழுதுத நேரம் போக இங்கதான் இருப்பாவ. கோயில் மணியை அவுகதான் அடிப்பாவ, வேற யாரையும் கயித்தைத் தொட விடமாட்டாவ. அந்தக் காலை விந்தி விந்தி இழுத்துக்கிட்டு, மழைன்னும் பாக்காம வந்து அடிச்சிருவாவ.”

நான் தலையை நிமிர்த்தினேன். “எந்தக் காலை?” என்றேன்.

“எடது கால்தான. சின்னதுலருந்தே அப்படித்தான்னு சொன்னாவளே.”

எங்கள் பார்லோ போர்டிங்கில் பந்து விளையாடினவன். ஓட்டத்தில் அவனை யாரும் பிடித்ததில்லை.

அந்த மண்மேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஏழு வயதில் போர்டிங்கில் சேர்ந்தபோது அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய பையன். இடது கால் சாய்ப்பு. அவன் பெயரும் ஜோசப் பார்லோதான். அவன் படித்து முடித்துப் போனபின், சீமையிலிருந்து வரும் உபகாரம் நின்றுவிடக் கூடாது என்று அடுத்து வந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஒருவன் கழற்றிப் போட்ட சட்டையை அடுத்தவனுக்கு மாட்டிவிடுகிற மாதிரி. எனக்கு முன்னால் ஒரு எட்வர்டு இருந்தான், எனக்குப் பின்னாலும் ஒருவன் இருப்பான். இதெல்லாம் தெரிந்த எனக்கே, கார்டு வந்த அன்று புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் ஒரு பார்லோவுக்குத்தான் காத்திருந்தோம். செய்தி வந்ததும் அவனென்றே அழுது தீர்த்துவிட்டோம்.

அப்படியானால் எங்கள் பார்லோ எங்கே? செத்தானா, இருக்கிறானா? இந்தத் தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வேறு பார்லோ யாராவது உண்டா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். உபதேசியார் கேள்விப்பட்டதில்லை.

அந்த அம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “சாகுததுக்கு முந்தின நாள் புத்தி தெளிஞ்சிது. செல்லம்மைட்ட சொல்லணும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பிடாது, படிக்க வைக்கணும்னு மூணு தடவை சொன்னாவ. ஊரு தக்கலைப் பக்கம்னாவ. வெலாசம் கேக்கதுக்குள்ள பேச்சு நின்னுட்டு. அதான் போர்டிங்குக்குக் கார்டு போட்டோம். செல்லம்மைங்கது ஒங்க தங்கச்சிதான, அண்ணாச்சி?”

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நேசத்தின் வெள்ளைச் சேலை கண் முன்னால் வந்தது. நான் இல்லை என்றால் மூன்றாவது ஓலை கிடையாது. இந்த ஜன்மத்தில் கிடையாது. அவள் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. எந்தச் சேலையை உடுத்துவாள்?

“ஆமா” என்றேன். “வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“பிள்ளை படிக்காளா?”

“படிக்கா.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார் அந்த அம்மாள். நேசத்துக்குப் பிள்ளையே கிடையாது.

வீட்டுக்கு வந்து உபதேசியார் அடக்கப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ‘ஜோசப் பார்லோ, திருவிதாங்கூர், போர்டிங் மாணவர், காய்ச்சல்’ என்று எழுதியிருந்தது. வயது என்ற இடத்தில் ஒரு கோடு.

“எங்களுக்கு வயசு தெரியலை. நகல்லயும் கோடு போட்டா ஒங்க போதகர் ஏத்துக்கிட மாட்டாரு. சொந்தக்காரங்க நீங்கதான் சொல்லணும்” என்று பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.

மண்ணுக்குள் இருக்கிறவனுக்கு நாற்பத்து நாலு வயது இருந்திருக்கும். எனக்குக் கணக்கு வரும், அது ஒன்றுதான் எனக்கு வரும். கார்டு வந்த வருஷத்தில் எங்கள் பார்லோவுக்கு என்ன வயது என்று கூட்டிப் பார்த்தேன்.

“முப்பத்திரண்டு” என்றேன்.

உபதேசியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “முப்பத்திரெண்டா? தலையெல்லாம் நரைச்சிருந்துதே” என்றார். பிறகு அவரே, “இந்த மலைக்காத்து மனுசனைச் சீக்கிரம் கெழவனாக்கிப் போடும்” என்று சொல்லிவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். புத்தகத்திலும் கோட்டின் மேல் எழுதினார். பூ கிடந்த அதே சட்டைப்பையில் நகலை மடித்து வைத்துக்கொண்டு மலையிறங்கினேன்.

கண்டியில் விசில் ஊதும்போது நான் வரிசையில் இருந்தேன்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அனுராதபுரம். மலையிலிருந்து இறங்கியதும் ஒரே வெக்கை, செம்மண், குளம். குளங்களைப் பார்த்துப் பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நாஞ்சிநாட்டான்தான் வந்து வெட்டியிருப்பான், சந்தேகமே இல்ல” என்றார். ஹெட்மாஸ்டர் போதி மரத்தடியில் நின்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். ஆசையே துக்கத்துக்குக் காரணம் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு விசில்தானே, இவருக்கென்ன துக்கம் என்று நினைத்தேன்.

அங்கே ஒரு மடத்தில் ஒரு குடும்பம் பிக்குகளுக்கு அன்னமிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கிண்ணத்தில் சின்னக் கோப்பையை வைத்து, எல்லாரும் சேர்ந்து செம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கோப்பை நிறைந்து வழிந்து கிண்ணத்தில் விழுந்தது. பிக்கு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். செத்துப்போன மகனுக்குத் தங்கள் புண்ணியத்தை இப்படி அனுப்புகிறார்கள் என்றார் பெரேரா. “அவனுடைய ஆட்கள் செய்தால்தான் அவனுக்குத் திருப்தி. ஒருவரும் செய்யாவிட்டால் அவன் காத்துக்கொண்டே இருப்பான் என்பார்கள்.”

“நமக்கு அந்த விசுவாசம் கிடையாது” என்று ஹெட்மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். கிடையாதுதான். ஆனாலும் நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

பிள்ளை பின்னாலேயே வந்தார். “என்னவே, மலைக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து தீனம் பிடிச்ச கோழி கணக்கா இருக்கேரு. சாப்பாடும் இறங்கல்ல. மாசிக் கறியை நீருதான் ரசிச்சுத் தின்னுவேரே.”

அவரிடம் உள்ளதைச் சொல்லவில்லை. செல்லம்மையின் பெயரை எடுக்காமல், வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். “ஸாரே, ஒருத்தியோட புருசன் தூரதேசத்துல செத்துப்போனான். செய்தி தெரிஞ்சவன் அவகிட்டச் சொல்லாம விட்டா, அது பெரிய பாவமா?”

பிள்ளை சாஸ்திரம் தெரிந்தவர். யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்கள்ல காதுல விழுந்தாத்தான் தீட்டு. செத்த அன்னைக்கு இல்ல, கேட்ட அன்னைக்குத்தான் முழுக்கு. விழாத வரைக்கும் அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. பூ வைக்கலாம், பொட்டு வைக்கலாம், அவ சுமங்கலிதான். மனசிலாச்சா?”

மனசிலாயிற்று. அந்தப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்டினேன். சில நேரம் அது ஆறுதலாக இருந்தது. சில நேரம் அதைச் சொன்னதற்காகப் பிள்ளையின் மேல் கோபம் வந்தது.

எட்டாம் நாள் திரும்பவும் கொழும்பு. கடைத்தெருவில் சாமான் வாங்க இரண்டு மணி நேரம் விட்டார்கள். நேசத்துக்குக் கலியாணச் சேலை பார்க்கலாம் என்று போனேன். கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒருவன் நடந்து போனான். நல்ல உயரம், தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து வீசி வீசி நடந்தான். எங்கள் பார்லோ அப்படித்தான் நடப்பான். வரும்போது இப்படி ஒருவனைக் கண்டிருந்தால் ஓடிப் பிடித்திருப்பேன். இப்போது என் கால் நின்றுவிட்டது. அவன் ஒரு கடை முன்னால் நின்று திரும்பப் போகிறான் என்று தெரிந்ததும், பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து ஒரு பாத்திரக்கடையில் போய் நின்றுகொண்டேன். கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒரு செம்பைக் காட்டி விலை கேட்டேன். வெளியே வந்து பார்த்தபோது அவன் இல்லை. அவனாக இருந்திருக்காது என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் நகலைப் போதகர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். வயதைப் பார்த்துத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். முன்பு எழுந்த மூப்பர் இந்தத் தடவை எழவில்லை. நானும் எழவில்லை. அடுத்த வாரம் கலியாணம். நேசம் நான்கு வருஷத்துக்குப் பிறகு நிறச்சேலை உடுத்தினாள். கம்பவுண்டரின் சின்ன மகள் அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை.

பந்தியில் எனக்கு இலை போட்டபோது நேசம் குனிந்து, “கல்லறையில பூ வச்சியா, அண்ணே?” என்று கேட்டாள்.

“வச்சேன்” என்றேன். அது உண்மை.

சிலோனுக்குப் போய் வந்தவன் வீட்டுக்கு ஆள் வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். என் தம்பியைப் பார்த்தீரா, எங்க மாமாவைக் கண்டீரா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், அந்தத் தீவு என்னமோ நம் பார்வதிபுரம் சந்தை போல. கலியாணம் முடிந்த பத்தாம் நாள் மத்தியானம் ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் தாலி, பஸ்ஸில் வந்த களைப்பு. கூடப் பதின்மூன்று வயதில் ஒரு பெண்.

“ஏட்டி, ஸாருக்கு ஸ்தோத்திரம் சொல்லு” என்றார். பிறகு என்னிடம், “நாங்க தக்கலைப் பக்கம். எனக்குப் பேரு செல்லம்மை. நீங்க சிலோனுக்குப் போய்ட்டு வந்தியளாமே. எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு, பத்து வருசமாச்சு. ஜோசப் பார்லோன்னு பேரு, உங்க போர்டிங்கில படிச்சவருதான். ஒரு காலு கொஞ்சம் சாய்ப்பு. எங்கயாவது கண்டியளா?” என்று கேட்டார்.

காதில் விழாத வரைக்கும் குறை இல்லை என்று சிவதாணு பிள்ளை சொன்னது பொய். அந்த அம்மாளைப் பார்த்தாலே தெரிந்தது. என் தங்கை தலையிலிருந்து எட்டு வருஷத்தை இறக்கி, இவர் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இவருக்கு அது எத்தனை வருஷம் என்று கணக்கே கிடையாது. வாயைத் திறந்தால் நேசத்தின் கலியாணம் போய்விடும்.

“சிலோன் பெரிய தேசம், அம்மா. தோட்டம் எத்தனையோ இருக்கு” என்றேன்.

“அது உள்ளதுதான். எங்கயாவது இருப்பாரு. மனசு வச்சா எழுதுவாரு” என்று எழுந்துகொண்டார். மகளைப் பார்த்து, “இவளையும் இந்த வருசத்தோட நிறுத்திட்டு லேஸ் ரேந்தை பின்ன அனுப்பலாம்னு இருக்கேன்” என்றார்.

“நிறுத்தாதீங்க, அம்மா” என்றேன். “படிக்க வையுங்க. எப்படியாவது படிக்க வையுங்க.”

செல்லம்மை என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாத்தியார் எல்லாரிடமும் சொல்வதுதானே என்று நினைத்திருப்பார்.

“அதை அவரு வந்து பறயட்டும், ஸாரே. தகப்பன் உசிரோட இருக்கும்பம், அடுத்த ஆளு சொன்னாருன்னு நான் எப்படிச் செய்ய? அவரு வாறது வரைக்கும் இவ ரேந்தைக்குப் போவட்டும்.”

இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்த் தக்கலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.